தாராசுரம்: பெரிய கோயிலைப் பார்த்தவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

வெயிலான்:
அடுத்த மாதம் கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலை எனக்கு வேலை ஒன்றும் இல்லை. கும்பேசுவரர், சாரங்கபாணி எல்லாம் சின்ன வயதிலேயே வீட்டாரோடு சுற்றியாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் நிதானமாகப் பார்த்திருக்கிறேன். தாராசுரம்தான் பாக்கி. மச்சானிடம் கேட்டால், "அது சின்னக் கோயில்டா, அரை மணியில் முடிந்துவிடும், பேசாமல் சுவாமிமலை போ" என்கிறார். மூன்றையும் ஒன்றாகத்தானே யுனெஸ்கோ பட்டியலில் வைத்திருக்கிறார்கள்? அப்படி அங்கே என்ன விசேஷம்? எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது? வரலாறு ஓரளவு தெரியும், சிற்பம் விஷயத்தில் அரைகுறை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள்.

அரசலாற்றங்கரை:
உள்ளூர்க்காரன் என்ற முறையில் முதலில் ஒரு திருத்தம். மூன்றும் ஒன்றாகச் சேரவில்லை. தஞ்சை 1987-இல் பட்டியலில் ஏறியது. தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-இல்தான் சேர்க்கப்பட்டன.

உங்கள் மச்சான் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு. கோயில் சின்னதுதான். கருவறைக்கு மேல் எழும் விமானம் 24 மீட்டர், ஐந்து தளம். தஞ்சையில் 60 மீட்டரை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. எல்லாரும் செய்வது என்ன? நுழைந்ததும் மேலே பார்ப்பார்கள், 'ஓ, இவ்வளவுதானா' என்பார்கள், தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் நின்று படம் எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அரை மணியே அதிகம்.

இந்தக் கோயிலில் கீழே பாருங்கள். அதிஷ்டானத்தில் (கட்டடத்தின் அடிப்பீடம்), தூணின் அடியில், படிக்கட்டின் பக்கவாட்டில், கண்ணும் கையும் எட்டுகிற உயரத்தில்தான் இதன் சரக்கு முழுவதும் இருக்கிறது. விமானத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

நடைமுறை விஷயம்: காலையில் சீக்கிரம் போங்கள். உச்சிக்கு நடை சாத்திவிடுவார்கள். கல்தரை பத்து மணிக்கு மேல் சுட ஆரம்பித்துவிடும், ஒரு ஜோடி காலுறை எடுத்துப் போவது புத்திசாலித்தனம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் சாலையில் நாலு கிலோமீட்டர்கூட இல்லை, டவுன் பஸ், ஆட்டோ எல்லாம் தாராளம். உள்ளே போகும் முன் கிழக்கே இடிந்து நிற்கும் வெளிக்கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அடிப்பகுதி மட்டும்தான் மிச்சம். கோயில் ஒரு காலத்தில் எவ்வளவு தூரம் விரிந்திருந்தது என்பது அங்கே நின்றால்தான் புரியும்.

கல்வெட்டுப்பித்தன்:
மேலே நண்பர் சொன்னதற்கு அப்படியே கையெழுத்துப் போடுகிறேன். கீழே என்றால் எங்கே என்று நான் சொல்கிறேன்.

விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்னச் சிற்பப் பலகைகள் ஓடும். அவை நாயன்மார் வரலாறுகள். பல பலகைகளுக்கு மேலே இன்னார், இன்ன நிகழ்ச்சி என்று சோழர் காலத் தமிழ் எழுத்திலேயே பொறித்திருக்கிறார்கள். இதைக் கட்டியவர் இரண்டாம் இராசராசன், 1146-இல் பட்டத்துக்கு வந்தவர். இவருடைய தந்தை இரண்டாம் குலோத்துங்கன். சேக்கிழார் அந்தக் குலோத்துங்கனின் அமைச்சராக இருந்து பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. அதாவது நூல் அரங்கேறி ஒரு தலைமுறை கழிவதற்குள் அது கல்லில் ஏறிவிட்டது. பெரியபுராணத்தைக் கேட்டு வளர்ந்த ஊருக்குள்ளேயே அதைச் செதுக்கியிருக்கிறார்கள். பெயர் பொறித்தவருக்கும் செதுக்கியவருக்கும் கதை புத்தம் புதிது.

போவதற்கு முன் நாலைந்து கதைகளையாவது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கண்ணப்பர், சுந்தரரைச் சிவன் தடுத்தாட்கொண்ட கதை, அவிநாசியில் முதலை உண்ட பாலகன், அதிபத்தர், காரைக்கால் அம்மையார். முதலைக் கதையைத் தவறவிடாதீர்கள். குளத்தில் முதலை, அதன் வாயிலிருந்து வெளிவரும் பிள்ளை, கரையில் சுந்தரர். ஒரு முழத்துக்குள் மொத்தக் கதையும் அடக்கம். கதை தெரியாதவருக்கு அது ஏதோ மிருகம், ஏதோ மனிதர். தெரிந்தவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. சுந்தரர் கதை தஞ்சைப் பெரிய கோயிலிலும் உண்டு. கருவறையைச் சுற்றிய உள் சுற்றுப்பாதையில் சோழர் கால ஓவியமாக. சுந்தரர் வெள்ளை யானையில், சேரமான் பெருமாள் குதிரையில் கயிலைக்குப் போகும் காட்சி. நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931-இல் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தப் பாதை இன்றும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. அன்றைக்கும் இருளடைந்த அந்த இடத்துக்கு எத்தனை பேர் போயிருப்பார்கள்? நூற்றைம்பது ஆண்டு கழித்து அதே அடியார் கதை வெளிச்சுவருக்கு வந்துவிட்டது. வலம் வருகிற எவரும் பார்க்கலாம், எழுத்துத் தெரிந்தவர் படிக்கலாம். அளவு குறைந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

சந்தேகராமன்:
எல்லாரும் ஒரே சுருதியில் பாடினால் எப்படி, நான் கொஞ்சம் கலைக்கிறேன்.

தஞ்சை 60 மீட்டர் சொச்சம், கங்கைகொண்ட சோழபுரம் 53, தாராசுரம் 24. இதை வரைபடமாகப் போட்டால் ஒரு பேரரசு இறங்குமுகத்தில் இருப்பது பள்ளிக்கூடப் பையனுக்கே புரியும். இரண்டாம் இராசராசன் காலத்தில் சிற்றரசர்கள் தலையெடுத்துவிட்டார்கள். பெரிதாகக் கட்டச் சக்தியில்லை, அதனால் இருக்கிற கல்லில் இண்டு இடுக்கு விடாமல் செதுக்கித் தள்ளினார்கள். இதை 'நுணுக்கம்' என்று நாம் கொண்டாடுகிறோம். எனக்குத் தஞ்சையின் வெறுஞ்சுவர்தான் அழகு. கண்ணுக்கு ஓய்வு கொடுக்கும். தாராசுரத்தில் ஒரு தூணைப் பார்த்து முடிப்பதற்குள் தலை சுற்றுகிறது.

கட்டடக்காரன்:
ராமன் சார், வெறுஞ்சுவர் அழகு என்பது உங்கள் ரசனை, அதில் நான் குறுக்கிடவில்லை. உயரக் கணக்கு மட்டும் இடிக்கிறது.

உங்கள் வரைபடத்தில் நாலாவது புள்ளியை வைக்கவில்லையே! கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் திருபுவனம் கம்பகரேசுவரர் கோயில், மூன்றாம் குலோத்துங்கன் கட்டியது. அவன் பட்டத்துக்கு வந்தது 1178-இல், அதாவது தாராசுரத்துக்குப் பிறகு. பேரரசு இன்னும் நெருக்கடியில் இருந்த காலம். ஆனால் திருபுவனத்து விமானம் தாராசுரத்தைவிட நன்றாகவே உயரம். சக்தி போனதால்தான் உயரம் குறைந்தது என்றால், இன்னும் சக்தி குறைந்த காலத்தில் அது மறுபடி எப்படி ஏறியது? ஆக, தாராசுரத்தைச் சின்னதாகக் கட்டவேண்டும் என்று யாரோ யோசித்து முடிவெடுத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

காசு மிச்சம் பிடிக்கச் செதுக்கினார்கள் என்பதும் சரியில்லை. கட்டட வேலையில் இருப்பவனாகச் சொல்கிறேன், செதுக்குகிற கூலிதான் பெருஞ்செலவு. காவிரிப் படுகையில் தோண்டினால் வண்டலும் மணலும்தான் வரும், பாறை கிடையாது. ஒவ்வொரு கல்லும் வெளியூரிலிருந்து வண்டி ஏறி வந்தது. அப்படி வந்த கல்லில் கை பிசகி ஒரு மூக்கு உடைந்தால் அந்தப் பலகையே வீண். அதுவும் பல இடங்களில் விரல் அகலத்துக்குள் ஒரு முழு உருவம். பணமில்லாதவன் செய்கிற காரியமா இது?

சந்தேகராமன்:
திருபுவனம் நல்ல வாதம். ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்லமாட்டேன், யோசிக்கிறேன்.

யாழ்தேவி:
நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் சோழர் கட்டிய கற்கோயில் என்றால் பொலன்னறுவையில் உள்ள வானவன்மாதேவி ஈச்சரம்தான் எல்லாருக்கும் தெரியும். முதலாம் இராசராசனின் தேவி பெயரில் உள்ளது. மிகச் சிறியது, ஆனால் சுவர், மாடம், சிகரம் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயிலைத் தூக்கி வந்து வைத்தது மாதிரியே இருக்கும். அலங்காரம் குறைவு. அதைப் பார்த்துவிட்டுத் தாராசுரத்தின் படங்களைப் பார்த்தால் இரண்டையும் ஒரே வம்சம் கட்டியது என்று நம்பவே ஏலாது. நூறு, நூற்றைம்பது வருசத்தில் இவ்வளவு மாற்றமா?

எனக்கு ஒரு கேள்வி. அந்தத் தேர் மண்டபம் கோனார்க்கைப் பார்த்துச் செய்தது என்று ஒரு காணொளியில் கதைத்தார்கள். உண்மையோ?

நிழற்படப்பெட்டி:
நேர்மாறாகச் சொல்லியிருக்கிறார்கள், யாழ்தேவி. கோனார்க் 13-ஆம் நூற்றாண்டு, நரசிம்மதேவன் கட்டியது. தாராசுரம் 12-ஆம் நூற்றாண்டு. தாராசுரத்தைப் பார்த்துக் கோனார்க்கைச் செய்தார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன், அதற்கு ஆதாரம் வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே தாராசுரத்துக்கு முன்னோடி இருக்கிறது. சிதம்பரத்துக்கு அந்தண்டை மேலக்கடம்பூர், அமிர்தகடேசுவரர் கோயில். முதலாம் குலோத்துங்கன் காலம். அங்கே கருவறையே தேர்தான், அடியில் சக்கரமும் குதிரையும் உண்டு. கரக்கோயில் என்பார்கள். ஹம்பியில் எல்லாரும் படம் எடுக்கும் கல்தேர் இவற்றுக்கெல்லாம் முந்நூறு, நானூறு ஆண்டு பின்னால் வந்தது.

தாராசுரத்தில் தேராக்கியது முன்மண்டபத்தின் தென்பக்க நீட்சியை மட்டும். கல்வெட்டில் அதற்கு ராஜகம்பீரன் திருமண்டபம் என்று பெயர். ராஜகம்பீரன் என்பது இரண்டாம் இராசராசனின் பட்டப்பெயர். பெரிய சக்கரம், பாய்ந்து இழுக்கிற குதிரை. இரண்டு பக்கமும் ஏறுபடி. சிவன் முப்புரம் எரிக்கப் புறப்பட்ட தேர் என்று கொள்வது வழக்கம். பூமியே தேர், சூரிய சந்திரர் சக்கரம், நான்மறைகள் குதிரை என்கிற கதை.

இதில் ஒரு வயிற்றெரிச்சல். அங்கே ஒருமுறை ஒரு வழிகாட்டி வெளிநாட்டுக்காரர்களிடம், சக்கரத்தின் ஆரத்தில் விழும் நிழலை வைத்து மணி பார்ப்பார்கள் என்று அளந்துகொண்டிருந்தார். அது கோனார்க் சக்கரத்துக்குச் சொல்லும் கதை. அதை இங்கே இறக்குமதி செய்துவிட்டார்கள். அந்தச் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளித் தூணில் இருக்கிற சிற்பத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

படம் எடுப்பவர்களுக்கு: மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் தேர்ப்பக்கம் வெளிச்சம் நன்றாக விழும். புடைப்புச் சிற்பத்துக்கு நேர் வெயில் ஆகாது, பக்கவாட்டில் வருகிற காலை வெயில்தான் வேண்டும். பளபளப்பான கருங்கல் சிலைகளுக்கு மேகமூட்டமே மேல்.

மாயவரத்து மருமகள்:
குழந்தைகளோடு போகிறவர்களுக்காக ஒன்று. எங்கள் வீட்டு வாண்டுகள் கோயில் என்றாலே முகத்தைத் தூக்கிக்கொள்ளும் ரகம். தாராசுரத்தில் அந்த யானை-காளைச் சிற்பத்தைக் காட்டினேன். ஒரே தலை, இரண்டு பக்கமும் இரண்டு உடல். ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. கண் ஒன்றுதான், இரண்டுக்கும் அதுவே பொருந்துகிறது. மாற்றி மாற்றி மறைத்துக்கொண்டே நின்றார்கள். அதற்குப் பிறகு 'வேறு எங்கே இப்படி ஒளித்து வைத்திருக்கிறார்கள்' என்று தூண் தூணாகத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். நான் ஒரு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்க முடிந்தது. (தொட்டுப் பார்க்கவேண்டாம், காற்றில் கையை நீட்டி மறைத்தால் போதும் என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள்.)

விமானத்தைச் சுற்றிப் பாருங்கள், குட்டைச் சுவர் கட்டி அதன்மேல் சின்ன நந்திகளை உட்கார வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் கல்தரை ஒரு தொட்டி போல இருக்கும். வேனிலில் அதில் தண்ணீர் நிரப்பி, கோயில் நீருக்கு நடுவே நிற்பதுபோல வைத்திருப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அங்கே நின்றவளுக்கு அந்த யோசனை எவ்வளவு அருமையானது என்று தெரியும்.

அரசலாற்றங்கரை:
தண்ணீர் பற்றி அக்கா ஆரம்பித்துவிட்டார், நான் முடிக்கிறேன். வேனிலில் நிரப்பினார்களோ என்னவோ, ஐப்பசி கார்த்திகையில் மழையே நிரப்பிவிடும். கோயில் இன்றைய தெரு மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் சுற்றிலும் மண் ஏறி, ஊர் உயர்ந்துவிட்டது. கோயில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கனமழை பெய்தால் நந்தி மண்டபம் பக்கமெல்லாம் குளமாகிவிடும். தொல்லியல் துறையும் வடிகாலுக்கு ஏதேதோ செய்து பார்க்கிறது. மழைக்காலத்தில் வருகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க அழகாக இருக்கும், விமானம் தண்ணீரில் தெரியும், ஆனால் நாயன்மார்களை நெருங்கிப் பார்க்க முடியாது.

நந்திக்குப் பக்கத்தில் பலிபீடம், அதற்கு ஏறும் படிகளைத் தட்டினால் வெவ்வேறு சுரம் வரும். இசைப்படிகள். இப்போது இரும்புக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள், தட்டமுடியாது. நல்லதுதான் என்பேன். வருகிறவர் ஒவ்வொருவரும் கல்லைக் கொண்டு தட்டினால் எத்தனை நாள் தாங்கும்? திறந்து காட்டுகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நகர்ந்துவிடுங்கள்.

வெயிலான்:
அடேயப்பா, இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிவிட்டேன். கோயிலையும் பார்த்தேன், உச்சி மணி அடிக்கும்வரை வெளியே வரவில்லை. மச்சான் இரண்டு முறை போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை.

முதலைப் பலகையைக் கண்டுபிடித்தேன். மேலே இருக்கும் எழுத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் ஓரளவு முடிந்தது. ஆனால் நான் அதிக நேரம் நின்றது வேறு இடத்தில். விமானத்துக்கு வடக்கே திருச்சுற்றுச் சுவரில் வரிசையாகச் சிவாசாரியார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயர் பொறித்திருக்கிறது. 108 பேர் என்கிறார்கள். தெய்வம் இல்லை, அரசன் இல்லை, நாயன்மார்கூட இல்லை. யார் இவர்கள்? இதை இங்கே ஒருவரும் சொல்லவில்லையே!

வேறொன்றும் கேட்கவேண்டும். கோபுரத்தில் மாடங்கள் பல காலியாக இருக்கின்றன. ஆனால் கீழே பெயர் மட்டும் எழுதியிருக்கிறது. சிலைகள் எங்கே போயின?

கல்வெட்டுப்பித்தன்:
வடக்குச் சுற்றை நான் வேண்டுமென்றே விட்டுவைத்தேன், நீங்களாகக் கண்டுபிடிக்கட்டும் என்று. அவர்கள் சைவ ஆசாரியர்கள், பெயரோடு பதிவானவர்கள். சோழர் கோயில்களில் இது புதுப்பழக்கமல்ல. தஞ்சைப் பெரிய கோயிலில் கோயில் பணிக்கு இருந்த நானூறு ஆடல் மகளிர், அதாவது தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரை வீட்டு எண்ணோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நட்டுவனார், கணக்கர், தையற்காரர் என்று வேலைக்காரர் பட்டியலே அங்கே உண்டு. தாராசுரத்தில் பெயரோடு உருவமும் சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். தஞ்சை பட்டியல் போட்டது, தாராசுரம் படம் போட்டது.

காலி மாடங்கள் பற்றி: பெயர்ப்பொறிப்பு இருப்பதால்தான் எந்த மாடத்தில் எந்தத் தெய்வம் இருந்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது. சிலைகள் பலவழியில் போயின. உடைந்தது, இடம் மாறியது, காணாமல் போனது என்று எல்லாம் உண்டு. தாராசுரத்தின் மிகச் சிறந்த சிலைகள் சில தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் இருக்கின்றன. பிச்சாடனரும் (பிச்சையெடுக்கும் கோலத்துச் சிவன்) அவரைக் கண்டு மயங்கும் தாருகாவனத்து ரிஷிபத்தினிகளும் ஒரு தொகுதி. யானையை உரித்த மூர்த்தி இன்னொன்று. அதில் பக்கத்தில் குழந்தையோடு ஒதுங்கி நிற்கும் உமையின் முகத்தைப் பாருங்கள், பயம் அப்படியே தெரியும்.

அதே கலைக்கூடத்தில் ஒரு துவாரபாலகரும் உண்டு. தாராசுரத்திலிருந்து வந்தவர், ஆனால் தாராசுரத்துக்காரர் இல்லை. பீடத்தில் தமிழில் எழுதியிருக்கிறது: 'உடையார் ஸ்ரீவிஜயராஜேந்திர தேவர் கல்யாணபுரம் எறிந்து கொடுவந்த துவாரபாலகர்.' விஜயராஜேந்திரன் என்பது முதலாம் இராசாதிராசன். மேலைச் சாளுக்கியர் தலைநகரான கல்யாணியைச் சூறையாடி, வெற்றியின் அடையாளமாக வாயிற்காவலனையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். உடல் வாகும் அணிகலனும் நம் சோழச் சிற்பத்தைப் போலவே இருக்காது. அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும்.

சந்தேகராமன்:
அப்படியானால் ஒரு கேள்வி. பிச்சாடனர் திரும்பித் தாராசுரத்துக்கு வரவேண்டுமா, கலைக்கூடத்திலேயே இருக்கலாமா? வரவேண்டும் என்று சொல்கிறவர்கள், அதே வாயால் துவாரபாலகரைக் கர்நாடகத்துக்கு அனுப்பச் சம்மதிப்பார்களா?

கட்டடக்காரன்:
வம்புக்கென்றே பிறந்தவர் ஐயா நீங்கள். :)

கல்வெட்டுப்பித்தன்:
வம்பாக இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி. என் பதில் இது. துவாரபாலகரின் வரலாறே அந்தக் கல்வெட்டுத்தான். அவர் திரும்பிப் போனாலும் தமிழ் எழுத்தைக் காலடியில் சுமந்துகொண்டேதான் நிற்பார். பிச்சாடனர் விஷயம் வேறு. அவருக்கென்று இந்தக் கோயிலில் ஓர் இடம் இருந்தது. ஆனால் தண்ணீர் தேங்குகிற, காவல் குறைவான இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துவதைவிட, காலி மாடத்தின் பக்கத்தில் 'இங்கே இருந்த சிலை இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில்' என்று ஒரு பலகையும் படமும் வைத்தால் எனக்குப் போதும். பார்ப்பவர் அங்கேயும் போவார்.

மாயவரத்து மருமகள்:
எனக்குப் போதாது. கலைக்கூடத்தில் பிச்சாடனரைச் சுற்றி நின்று பார்க்கிறோம், சரி. ஆனால் அந்த ரிஷிபத்தினிகள் அவரைப் பார்த்து நிற்கிற தூரம், கோணம் எல்லாம் கட்டடத்துக்காக அளந்து வைத்தது. அறைக்குள் அது போய்விடுகிறது. ஒரு நகலையாவது பழைய இடத்தில் வைக்கலாம்.

நிழற்படப்பெட்டி:
நகல் யோசனைக்கு என் ஓட்டு.

வெயிலான்:
தூண்களைப் பற்றி இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. முன்மண்டபத்துத் தூணில் சதுரம் சதுரமாகக் குட்டிக் காட்சிகள். எனக்குப் புரிந்தவரை சிவன் பார்வதி கல்யாணம் ஒன்று. மற்றதெல்லாம் வெறும் ஆட்டம் பாட்டமா?

கட்டடக்காரன்:
ஆட்டம் பாட்டம் நிறைய உண்டு, ஆனால் நீங்கள் சொல்லும் தூண்களில் தொடர்கதையும் இருக்கிறது. பார்வதியின் தவம், மன்மதன் வருவது, திருமணம், குமரன் பிறப்பு என்று போகும். படக்கதைப் புத்தகம் மாதிரி கட்டம் கட்டமாகப் படிக்கவேண்டும். உள்ளே வெளிச்சம் குறைவு. போன் விளக்கைச் சிற்பத்தின் முகத்துக்கு நேரே அடிக்காமல் பக்கத்திலிருந்து அடியுங்கள், ஆழம் தெரியும்.

தூணைப் பார்ப்பவர் அப்படியே தலையை நிமிர்த்திப் போதிகையையும் பார்த்துவிடவேண்டும். (மேலே பார்க்காதே என்று இங்கே எல்லாரும் சொல்லியாகிவிட்டது, நான் மட்டும் விதிவிலக்கு.) தூணுக்கும் உத்திரத்துக்கும் நடுவே கை நீட்டினாற்போல் இருப்பதுதான் போதிகை. கோயிலின் வயதைக் கணிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இது. பல்லவர் காலத்தில் அலையலையாகச் சுருண்டிருக்கும், தரங்கப் போதிகை என்பார்கள். முற்காலச் சோழர் அதைச் சரிவாக வெட்டி, நடுவில் ஒரு முனையை மட்டும் துருத்தவிட்டார்கள். அந்த முனை நாளாவட்டத்தில் நீண்டு, வளைந்து, விஜயநகர காலத்தில் கவிழ்ந்த பூமொட்டாகத் தொங்க ஆரம்பித்துவிட்டது. அதுதான் புஷ்பப் போதிகை. தாராசுரம் இந்த ஓட்டத்துக்கு நடுவில் நிற்கிறது. கல்வெட்டே இல்லாத கோயிலில்கூட எந்தத் தூண் பழையது, எது பிறகு சேர்த்தது என்று போதிகை காட்டிக்கொடுத்துவிடும். கும்பகோணத்தைச் சுற்றி ஒரே நாளில் எல்லாக் காலத்தையும் பார்க்கலாம். ஊருக்குள் நாகேசுவரர் கோயிலில் முற்காலச் சோழர், தாராசுரத்தில் பிற்காலச் சோழர், ராமசாமி கோயிலில் நாயக்கர்.

யாழ்தேவி:
இதைக் குறித்து வைத்துக்கொண்டேன். அடுத்த முறை பொலன்னறுவைக்குப் போகும்போது அங்கே போதிகை எப்படி என்று பார்த்துப் படம் போடுகிறேன்.

சந்தேகராமன்:
திருபுவனம் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்றிருக்கிறேன். கும்பகோணத்திலிருந்து பஸ் எப்படி? தாராசுரமும் திருபுவனமும் ஒரே காலையில் முடியுமா?

அரசலாற்றங்கரை:
இரண்டும் எதிரெதிர்த் திசை. தாராசுரம் தஞ்சாவூர் சாலையில், திருபுவனம் மயிலாடுதுறை சாலையில். மயிலாடுதுறை போகிற பஸ் ஏறினால் சாலையோரமே இறக்கிவிடுவார்கள். ஒரே காலையில் இரண்டையும் வைத்துக்கொள்ளாதீர்கள், தாராசுரத்தை அவசரப்படுத்திவிடுவீர்கள். திருபுவனத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் சரபமூர்த்தி (சிங்கமும் பறவையும் கலந்த உருவில் சிவன்) சந்நிதி உண்டு, தாராசுரத்துச் சரபரைப் பார்த்த சூட்டோடு ஒப்பிட வசதி. நடுவில் வெயில் நேரத்தில் ஊருக்குள் டிகிரி காபி. எந்தக் கடை என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு இன்னொரு இழை தொடங்கி அதில் எல்லாரும் அடித்துக்கொள்வோம்.